கேளுங்க அண்ணாச்சி: வீட்டுலயே ஆபீஸ்னா வேலை ஓடுமா?

வீட்டுல உக்காந்து வேலை பாக்குறவங்க கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல சொன்னோம், கடிதம் வந்து குவிஞ்சு போச்சு. முக்காவாசி பேருக்கும் ஒரே சங்கடம்தான், அதனால சிலத மட்டும் எடுத்திருக்கேன்.

மெடிக்கல் கோடிங் வேலை (நோயாளியோட ரிப்போர்ட்ட, அதாவது சார்ட்ட, வாசிச்சு நோய்க்கும் சிகிச்சைக்கும் கோட் போடுறது), ரெண்டு வருஷமா வீட்டுலேருந்துதான். தெனம் இத்தன சார்ட் முடிக்கணும்னு டார்கெட் உண்டு. ஆனா மீங்காரி வந்தா நான்தான் போணும், கேஸ் சிலிண்டர் வந்தா நான்தான் போணும், யாராவது வந்தா மாமி "அவ சும்மாதானே இருக்கா"ன்னு கூப்பிடுறாவ. சாயங்காலம் பாத்தா பாதி கூட முடியல. என் கவனம்தான் சரியில்லையா அண்ணாச்சி?
– வாசகி, கருங்கல்

மக்ளே, உனக்க கவனத்துக்கு ஒரு கொறையும் இல்ல. மாமி மேலயும் கோவப்படாத. அவங்க பாத்து வளந்த வேலை எல்லாம் கண்ணுக்கு தெரியுற வேலை ஆக்கும். அண்டி ஆபீசுக்கு, அதான் முந்திரி ஆலைக்கு, போறவங்க காலைலயே தூக்குச்சட்டில சோறு கட்டிட்டு இறங்கிருவாங்க, சாயங்காலம் வரும்போது சாம்பல் தொட்டு தொட்டு பருப்பு எடுத்தும் போகாத கறை விரல்ல இருக்கும், வேலைக்கு போயிட்டு வந்திருக்கான்னு யாரும் சொல்லவே வேண்டாம். ரப்பர் வெட்டப் போறவர் விடியுறதுக்கு முன்னயே தலையில லைட்ட கட்டிட்டு கெளம்பிருவார். நீ காலைல போட்டிருந்த அதே நைட்டியோட, காய் நறுக்குன அதே மேசையில லேப்டாப்ப திறந்தா, அவங்களுக்கு எப்படி தெரியும் நீ இப்ப ஆபீசுல இருக்கன்னு?

அதனால மொதல்ல வேலை தொடங்குறதும் முடியுறதும் வீட்டுக்கு தெரியணும். குளிச்சு வேற துணி மாத்து, ஒரே நேரத்துக்கு உக்காரு, தனி ரூம் இருந்தா கதவ சாத்து, இல்லைன்னா அடுக்களைய பாக்காம சுவர பாத்து மேசைய போடு. "எனக்கு வேலை இருக்கு மாமி"ன்னு சொன்னா அது காத்துல போயிரும், "பத்தரைக்கு வெளிய வருவேன், கால் மணிக்கூர் இருப்பேன், என்ன இருந்தாலும் அப்ப சொல்லுங்க"ன்னு நேரத்த சொல்லு, சொன்ன நேரத்துக்கு கண்டிப்பா வெளிய வா. ரெண்டு நாள் வராம இருந்துட்டா மூணாவது நாள் கதவ தட்டத்தான் செய்வாங்க. மீன் காச ஒரு டப்பாவுல போட்டு மாமிகிட்டயே குடுத்துரு, சாளை நல்லதா ஐஸ் வச்சதான்னு செவுள தூக்கி பாக்க அவங்கள விட ஆளு உண்டா? கேஸ் ஆளு கேக்குற நம்பர துண்டு பேப்பர்ல எழுதி கதவுப்பக்கம் ஒட்டிரு.

இன்னொண்ணும் இருக்கு. சோஃபி லெராய்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2009-ல எழுதினாங்க, ஒரு வேலைய பாதில விட்டுட்டு இன்னொண்ணுக்கு போனா மனசுல ஒரு பங்கு பழைய வேலையிலயே ஒட்டிக்கிட்டு கெடக்குமாம். மீங்காரிகிட்ட பேசுறது ரெண்டு நிமிஷம்தான், ஆனா திரும்பி வந்து "எதுல விட்டேன்"னு தேடுறதுலதான் உனக்க சார்ட்டு போகுது. எழும்ப வேண்டி வந்தா எழும்புறதுக்கு முன்ன ஒரே ஒரு வரி எழுதி வை, எந்த சார்ட், எந்த பக்கம், அடுத்து எத பாக்கணும்னு. இது சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனா நல்லா பலன் குடுக்கும், கேட்டியா.

அப்புறம், சீனாவுல ஒரு பெரிய டிராவல் கம்பெனி கால்சென்டர்ல நிக்கோலஸ் புளூம் குழு ஒரு சோதனை நடத்தி 2015-ல வெளியிட்டாங்க, வீட்டுலேருந்து வேலை பாத்தவங்க 13 சதவீதம் கூடுதலா செஞ்சாங்கன்னு. எல்லாரும் இந்த 13-ஐ மட்டும்தான் சொல்லுவாங்க. அந்த சோதனையில சேரணும்னா வீட்டுல தனி ரூம் வேணும்னு ஒரு நிபந்தனை இருந்தத யாரும் சொல்ல மாட்டாங்க. உனக்க மாமிக்கு இந்த நிபந்தனைய வாசிச்சு காட்டு.

போன பாக்கக்கூடாதுன்னு நெனைச்சாலும் கை தானா போகுது. ஏதாவது ஆப் உண்டா?
– வாசகர், பார்வதிபுரம், நாகர்கோவில்

போன தூர வைக்க போன்லயே ஒரு ஆப்பா தம்பி? அடுத்த ரூம்ல சார்ஜ் போடு, அவ்ளவுதான். ஆபீஸ் கால் வரும்னா ரிங்டோன சத்தமா வச்சிரு, காதுல கேக்கும். மேசையில குப்புற கவுத்து வைக்குறதெல்லாம் ஏமாத்து.

25 நிமிஷ முறைய பாத்துக்கலாம். பிரான்செஸ்கோ சிரில்லோன்னு இத்தாலிக்காரர் 1980-களோட கடைசில காலேஜ் படிக்கும்போது தக்காளி மாதிரி இருக்குற சமையல்கட்டு டைமர வச்சு கண்டுபிடிச்சது. 25 நிமிஷம் ஒரே வேலை, 5 நிமிஷம் ஓய்வு, நாலு சுத்து ஆனதும் கொஞ்சம் நீளமா ஓய்வு. ஆனா அந்த 5 நிமிஷத்துல ரீல்ஸ் பாக்க உக்காந்தா அது அம்பது நிமிஷமாகும், அதனால முற்றத்துல ரெண்டு நடை நட, தூரத்துல நிக்குற தென்னைய பாரு, கண்ணுக்கும் நல்லது. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுற ஆளுன்னா 25 பத்தாது, வேலை சூடு பிடிக்கும்போதே மணி அடிச்சிரும், 50-க்கு மாத்திக்க. போலீஸ் ஒண்ணும் வராது.

அமெரிக்கா ஷிப்ட். பகல்ல தூக்கம் வரல, ராத்திரி மூணு மணிக்கு கண்ணு சொருகுது.
– வாசகர், மார்த்தாண்டம்

நியூயார்க்ல காலை 9 மணின்னா நமக்கு மார்ச் ரெண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரைக்கும் மாலை 6.30, மத்த மாசங்கள்ல 7.30. அங்க கடிகாரத்த மாத்துவாங்க, இங்க மாத்துறது இல்ல, அதனால வருஷத்துல ரெண்டு தடவ உன் தூக்கமும் ஒரு மணிக்கூர் தள்ளும், அதுக்கு முன்னாடியே பத்து இருபது நிமிஷமா தள்ளி பழகிக்க.

மூணு நாலு மணிக்கு கண்ணு சொருகுறது உடம்போட கணக்கு, அதோட மல்லுக்கட்டாத. கஷ்டமான வேலைய ஷிப்ட் தொடங்கினதும் முடிச்சிரு, கடைசி ரெண்டு மணிக்கூருக்கு மெயில், ரிப்போர்ட்னு லேசானத வை. கட்டன் சாயா நடுராத்திரியோட நிறுத்து. சாயாவுல இருக்குற கஃபீன்ல பாதி வெளிய போகவே அஞ்சு மணிக்கூர் கிட்ட ஆகும், மூணு மணிக்கு குடிச்சா எட்டு மணிக்கும் பாதி உள்ள கெடக்கும், அப்புறம் எங்க தூங்க? ஜன்னலுக்கு கட்டியான துணி போடு. நம்ம ஊர்ல பள்ளி மணி, கோயில் ஸ்பீக்கர், கல்யாண வீட்டு பாட்டுன்னு ஏதாவது ஒண்ணு இருக்கும், ரோட்டுப்பக்க ரூம விட்டு பின்பக்க ரூமுக்கு மாறு. லீவு நாள்ல முழுசா பகல் ஆளா மாறிராத, திங்கக்கிழமை அதுக்கு அபராதம் கட்டணும்.

மழை வந்தா நெட்டு போகுது, மீட்டிங்ல மானம் போகுது.
– வாசகி, குலசேகரம்

கன்னியாகுமரி மாவட்டத்துல நமக்கு ஜூன்லயும் மழை, அக்டோபர்லயும் மழை, தமிழ்நாட்டுல முக்காவாசி பேருக்கு ஒரு சீசன்னா நமக்கு ரெண்டு, அத மாத்த முடியாது. ரவுட்டருக்குன்னே சின்ன யுபிஎஸ் கெடைக்கும், வாங்குறதுக்கு முன்ன ரவுட்டர் அடாப்டர்ல எத்தன வோல்ட், எத்தன ஆம்ப்னு எழுதியிருக்குன்னு போட்டோ எடுத்துட்டு கடைக்கு போ, ரெண்டு பெட்டி இருந்தா ரெண்டுக்கும் வேணும். கேபிள்காரர் பக்கத்துல கறண்டு போனா உன் யுபிஎஸ் என்ன செஞ்சும் நெட்டு வராது, அதனால வேற கம்பெனி சிம் ஒண்ணு ஹாட்ஸ்பாட்டுக்கு வச்சிரு. இடி இடிச்சா பிளக்க உருவிரு. ஃபைபர் கண்ணாடி இழை, அதுல மின்சாரம் ஓடாது, மின்னலோட கறண்டு வர்றது அடாப்டர் வழியாத்தான். ரெண்டு சுவர் தாண்டி உக்காந்தா வைஃபைல 5 கிகாஹெர்ட்ஸ விட்டுட்டு 2.4-ல போடு, வேகம் கம்மி ஆனா சுவர தாண்டி வரும்.

கட்டில்ல படுத்துட்டு வேலை பாக்கலாமா?
– வாசகர், தோவாளை

கழுத்து உன்னுது. ஆனா படுத்த இடத்துல வேலை பாத்தா கொஞ்ச நாள்ல தூங்குற நேரத்துலயும் வேலைதான் ஞாபகம் வரும், ஒரு நாற்காலி வாங்கு.

மகன் ரூம பூட்டிட்டு தனியா சிரிக்கான், திடீர்னு "கேக்குதா, கேக்குதா"ன்னு சத்தம் போடுறான், சாப்பிட கூப்பிட்டா கைய காட்டி போகச் சொல்றான். இது என்ன வேலை அண்ணாச்சி?
– வாசகி, குளச்சல்

பயப்படாதீங்க அக்கா, அதுக்கு பேரு மீட்டிங். பத்து பேரு பத்து ஊர்லேருந்து ஒருத்தருக்கு ஒருத்தர் "கேக்குதா"ன்னு கேட்டுக்கிட்டே அரைமணிக்கூர் போகும். கைய காட்டினா கேமரா ஓடுதுன்னு அர்த்தம், நீங்க மீன் வெட்டுன கையோட பின்னால வந்து நின்னா அத்தன பேரும் பாப்பாங்க. எத்தன மணிக்கு சாப்பிட வருவன்னு காலைலயே கேட்டு வாங்கிக்குங்க, அந்த நேரத்துக்கு வரலைன்னா அவனே சூடாக்கி சாப்பிடட்டும். ராத்திரி பத்துக்கு மேலயும் தெனம் சிரிச்சு பேசுறான்னா ஒண்ணு கம்பெனி வேலைய கூட்டிருக்கு, இல்ல எதாவது பொம்பளப்பிள்ளை இருக்கு. ரெண்டையும் நேராவே கேட்டுருங்க.