'இன் கேஸ்' வேறு, 'இஃப்' வேறு

'ஐ வில் கால் யூ இன் கேஸ் ஐ ஆம் லேட்' என்று எழுதியதை ஆசிரியர் 'இஃப்' என்று ஏன் திருத்தினார் எனக் கேட்டிருந்தீர்கள். இரண்டையும் 'தாமதமானால்' என்பதுபோல 'ஆல்' விகுதி போட்டே தமிழாக்குவதால்தான் இந்தக் குழப்பம். எனக்கும் வெகுநாள் இருந்தது.

'இஃப்' என்றால் தாமதமானால் மட்டும் அழைப்பேன். 'இன் கேஸ்' முன்னெச்சரிக்கை: தாமதமானாலும் ஆகலாம், எதற்கும் இப்போதே அழைத்துவிடுகிறேன். 'டேக் அன் அம்ப்ரெல்லா இன் கேஸ் இட் ரெயின்ஸ்' என்பதை, 'மழை வந்தாலும் வரும், குடையை எடுத்துக்கொண்டு போ' என்று நம் வீட்டில் சொல்வதுபோலப் படித்துப் பாருங்கள். வானம் வெளுத்திருந்தாலும் குடை கையில் இருக்கும். அங்கே 'இஃப்' போட்டால் மழை வந்த பிறகு குடையைத் தேட வேண்டியதுதான்!

இன்னொன்று, 'இன் கேஸ்' பின்னால் 'வில்' வராது. 'இட் வில் ரெயின்' இல்லை, 'இட் ரெயின்ஸ்' தான்.

அப்புறம், 'இன் கேஸ் ஆஃப் ஃபயர்' என்ற அறிவிப்பை வைத்துக் குழம்ப வேண்டாம். 'ஆஃப்' சேர்ந்தால் 'தீப்பிடித்தால்' என்றே பொருள். அமெரிக்க ஆங்கிலத்தில் 'ஆஃப்' இல்லாமலும் சிலர் 'இஃப்' பொருளில் எழுதுவதுண்டு. தேர்வில் அதை நம்பாதீர்கள்.