பெயருக்கா, மண்ணுக்கா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒயின் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். பிரான்ஸில் அது பரம்பரைக் கலை, ஆஸ்திரேலியா போன்ற புது நாடுகளில் வெறும் வியாபாரம் என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். அப்படிப் பிரித்துவிட முடியுமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் பிரான்ஸை ஒரே ஊராக நினைத்துவிட்டார். போர்தோ, பர்கண்டி இரண்டும் அங்கே பேர்போன ஒயின் வட்டாரங்கள். ஆனால் போர்தோக்காரரும் பர்கண்டிக்காரரும் ஒரே தொழில்தான் செய்கிறார்கள் என்று சொல்லவே எனக்குத் தயக்கம்.

போர்தோவின் 1855 தரவரிசை பாரிஸ் கண்காட்சிக்காகத் தரகர்கள் போட்டது. எந்த ஒயின் என்ன விலைக்குப் போகிறது என்பதுதான் அளவுகோல். பரம்பரைக் கலை என்கிறோமே, அதன் பெருமைக்கு அஸ்திவாரமே ஒரு விலைப்பட்டியல்! தரம் ஷாட்டோவின், அதாவது ஒயின் பண்ணையின், பெயருக்கு. அதே ஒயின் வட்டார எல்லைக்குள் பக்கத்து நிலத்தை வாங்கிச் சேர்த்தாலும் தரம் அப்படியே இருக்கும். பெரிய ஷாட்டோக்கள் நமக்கு நேராக விற்பதும் அபூர்வம். நடுவில் தரகர், அவருக்கு அப்புறம் மொத்த வியாபாரி. பேரம் பெரும்பாலும் ஒயின் பீப்பாயில் இருக்கும்போதே முடிந்துவிடும்.

பர்கண்டியில் தரம் மண்ணுக்கு. க்ளோ த வூஜோ என்று ஒரு தோட்டம். சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவிகள் மதில் எழுப்பியது, சுமார் 50 ஹெக்டேர். பிரெஞ்சுப் புரட்சியில் மடத்தின் கையைவிட்டுப் போனது. 1889-ல் பலருக்கு விற்றார்கள். அப்புறம் பாகப்பிரிவினை மேல் பாகப்பிரிவினை. இன்று ஏறக்குறைய 80 பேருக்குச் சொந்தம், சிலருக்குச் சில வரிசைக் கொடிகள் மட்டும். எல்லாப் புட்டியிலும் அதே பெயர், அதே உயர்ந்த தரம். அதனால் விவரம் தெரிந்தவர் யார் செய்தது என்று கேட்பார். மேட்டுப் பக்கமா, சாலையோரமா என்றும் கேட்பார். சாலையோரத் தாழ்வில் தண்ணீர் சரியாக வடியாது.

சரி, ஆஸ்திரேலியா. அங்கே பென்ஃபோல்ட்ஸ் என்ற ஒயின் நிறுவனத்தில் ஒயின் தயாரிப்பாளர் மாக்ஸ் ஷூபர்ட் 1951-ல் கிரேஞ்ச் ஒயினைச் சோதனையாகச் செய்தார். வெவ்வேறு தோட்டத்துத் திராட்சையைக் கலந்தார். பர்கண்டிக்காரர் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். இளசாகக் குடித்துப் பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். 1957-ல் நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. மனிதர் நிறுத்தவில்லை. புது ஓக் பீப்பாய்க்குப் பணம் கேட்க வழியில்லை, இருந்ததை வைத்து மூன்று வருடம் திருட்டுத்தனமாகச் செய்து ஒளித்துவைத்தார். இதற்குள் முதலில் செய்த புட்டிகள் முதிர்ந்து ருசி ஏறிவிட்டது. 1960-ல் அதே நிர்வாகம் மறுபடி செய்யச் சொன்னது. வியாபாரம் மட்டும்தான் என்றால் அந்த மூன்று வருட ஒயின் எங்கிருந்து வந்தது என்று உங்கள் நண்பரைக் கேளுங்கள்.