நித்தியகல்யாணி இலைச் சாறு புற்றுநோய்க்கு மருந்தாகுமா?

கேள்வி: அப்பாவுக்கு நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோய். கீமோ நடக்கிறது. "அவருக்கு ஏற்றும் வின்கிரிஸ்டின் மருந்து நித்தியகல்யாணியில் எடுப்பதுதானே, இலையை அரைத்துக் கொடுத்தால் பக்கவிளைவே இருக்காது" என்கிறார் சித்தப்பா. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். சித்தப்பா சொன்னதில் முதல் பாதி உண்மை. வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகளும் இந்தச் செடியில் இருப்பவைதாம். 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் இதைச் சர்க்கரை நோய்க்கான மூலிகை என்றுதான் ஆராய ஆரம்பித்தார்கள். சாற்றை ஊசியில் ஏற்றிய எலிகளுக்கு ரத்த வெள்ளணுக்கள் சரிந்தன, தொற்று வந்து அவை இறந்தன. அந்த நச்சைப் பார்த்துத்தான் ரத்தப் புற்றுநோய்க்கு இது உதவுமா என்ற யோசனையே பிறந்தது. ஆகவே 'பக்கவிளைவு இல்லாத இலை' என்பது நடக்காத காரியம். செல் பிரியும்போது உருவாகும் நுண்குழல்களை இந்த மருந்துகள் குலைக்கின்றன. புற்றுச் செல், ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜைச் செல் என்று அவை பேதம் பார்ப்பதில்லை.

அடுத்தது அளவு. 1 கிராம் வின்கிரிஸ்டின் எடுக்கக் குறைந்தது 500 கிலோ காய்ந்த இலையாவது வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 1.4 மில்லிகிராம், பெரும்பாலும் 2 மில்லிகிராமைத் தாண்ட விடமாட்டார்கள். கணக்குப் போட்டால் அந்த 2 மில்லிகிராமுக்கே குறைந்தது ஒரு கிலோ காய்ந்த இலை. அதுவும் வாய்வழி போனால் குடல் ஒழுங்காக உறிஞ்சாது. அதனால்தான் ரத்தக் குழாய் (சிரை) வழி மட்டுமே ஏற்றுகிறார்கள்.

'அவ்வளவு குறைவு என்றால் கெடுதலும் இருக்காதே' என்று நினைக்கவேண்டாம். இலையிலும் வேரிலும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் (உடலில் வலுவாக வேலை செய்யும் தாவர வேதிப்பொருள்கள்) உள்ளன. சில சர்க்கரையை இறக்கும்; வேரில் உள்ள அஜ்மாலிசின் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். செடிக்குச் செடி அளவு மாறுவதால் 'பத்து இலை' என்ற கணக்குக்கு அர்த்தமே இல்லை. கொதிக்க வைத்தாலும் நச்சு போய்விடாது. இந்தச் செடியின் கஷாயத்தைக் குடித்த மார்பகப் புற்றுநோயாளி ஒருவருக்கு எலும்பு மஜ்ஜை கடுமையாக ஒடுங்கியதை மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது. கீமோவால் ஏற்கெனவே வெள்ளணு குறைந்திருக்கும் அப்பாவுக்கு இது இரட்டை அடி.

கேள்வி: அப்பா ஒரு வாரமாகவே அந்தச் சாற்றைக் குடித்து வருகிறார் என்று இப்போதுதான் தெரிந்தது. மருத்துவரிடம் சொன்னால் திட்டுவாரோ?

பதில்: திட்டினாலும் பரவாயில்லை, இன்றே சொல்லுங்கள். சாற்றை உடனே நிறுத்துங்கள். செடியின் படம், குடித்த அளவு, கடைசியாகக் குடித்த நேரம் மூன்றையும் எடுத்துப் போங்கள். அடுத்த கீமோவுக்கு முன் முழு ரத்த எண்ணிக்கை, கல்லீரல் பரிசோதனை, சர்க்கரை அளவு மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 100.4 டிகிரி பாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கை கால் மரத்துப்போதல், தாடை வலி, வயிறு உப்பி மலம் போகாமை ஆகியவை வின்கிரிஸ்டினாலேயே வரக்கூடியவை. சாறு சேர்ந்தால் எது எதனால் என்று மருத்துவரால் பிரித்தறிய முடியாது. குளிர்ந்த வியர்வை, நடுக்கம் என்றால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். இட்ரகோனசோல் போன்ற பூஞ்சைத் தொற்று மாத்திரை ஏதும் எடுத்தால் அதையும் சொல்லுங்கள். அது வின்கிரிஸ்டினை உடலில் தேங்கவிட்டு நரம்புப் பாதிப்பைக் கூட்டும்.

கேள்வி: வீட்டில் இருக்கும் செடியைப் பிடுங்கிவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். தொடுவதால் ஒன்றும் ஆகாது. குழந்தைகளும் செல்லப்பிராணிகளும் மெல்லாத இடத்தில் வையுங்கள். கர்ப்பிணிகள் எந்த வடிவிலும் உட்கொள்ளக்கூடாது.