மீட்டரில் 148, வயிற்றில் குமட்டல்

கேள்வி: வயது 46. ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய். மூன்று மாதமாக மட்டன், நாட்டுக்கோழி, ஈரல், முட்டை, நெய் மட்டும்தான் சாப்பிடுகிறேன். சோறு, இட்லி, காய், பழம் எதுவும் கிடையாது. 8 கிலோ குறைந்துவிட்டேன். சர்க்கரையின் மூன்று மாத சராசரி (எச்பிஏ1சி) 8.9-லிருந்து 6.6-க்கு வந்துவிட்டது. கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் மாத்திரைகள் தொடர்கின்றன. கொலஸ்ட்ரால் மாத்திரையை மட்டும் நானே நிறுத்திவிட்டேன். எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 118-லிருந்து 196 ஆகியிருக்கிறது. மலச்சிக்கல், வாய் நாற்றம், முடி கொட்டுதல் இருக்கின்றன. சாயங்காலத்தில் சில நாள் கை நடுங்கி வியர்க்கிறது. அப்போது வெண்ணெய் சாப்பிடுகிறேன். என் அப்பா டயாலிசிஸ் செய்துகொண்டே இறந்தவர். "கறி தின்றே கிட்னியைக் கெடுத்துக்கொள்ளப் போகிறீர்கள்" என்று மனைவி அழுகிறாள். போன வாரம் ஒரு நாள் முழுக்கக் குமட்டலும் வயிற்று வலியும் இருந்தன. மீட்டரில் 148தான் காட்டியது என்பதால் கேஸ் என்று விட்டுவிட்டேன். இந்த உணவைத் தொடரலாமா?
— பெயர் வேண்டாம், நாமக்கல்

பதில்: கிட்னிக்கு அப்புறம் வருகிறேன். குமட்டல், வயிற்று வலி, மீட்டரில் 148 என்று கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. உங்களுக்குத் தனியாகத் தகவல் சொல்லியாயிற்று. இதே மாத்திரையைப் போட்டுக்கொண்டு இதே மாதிரி சாப்பிடும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இங்கேயும் எழுதுகிறேன்.

டாபாகிளிஃப்ளோசின், ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளும் மருந்து. ஒரு நாளைக்குச் சுமார் 70 கிராம்கூடப் போகும். நீங்களோ சர்க்கரை உள்ளே வரும் வழியையும் அடைத்துவிட்டீர்கள். இரண்டும் சேர்ந்தால் உடம்பில் இன்சுலின் இறங்கிவிடும், கொழுப்பு ஏகத்துக்குக் கரையும், கல்லீரல் அதைக் கீட்டோன் அமிலங்களாக மாற்றிக்கொண்டே இருக்கும். அளவோடு இருக்கும்வரை கீட்டோன் உடம்புக்கு எரிபொருள்தான். அளவு மீறினால் ரத்தத்தின் அமிலத்தன்மை ஏறி, உயிருக்கே ஆபத்தாகிவிடும். கீட்டோஅசிடோசிஸ் என்பது இதுதான்.

வழக்கமாக இது வரும்போது சர்க்கரை 300, 400 என்று எகிறி நிற்கும். நோயாளியும் பயந்துபோய் ஓடி வருவார். இந்த மருந்து எடுப்பவர்களுக்கோ 150, 180 என்று சர்க்கரை சாதுவாக இருக்கும்போதே வந்துவிடக்கூடும். மீட்டர் அளப்பது சர்க்கரையை மட்டும்தான். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2015-லேயே இந்த வகை மருந்துகளுக்கு இதைப் பற்றி எச்சரிக்கை விட்டுவிட்டது. "அரிசியை விடு, சர்க்கரை ஓடிவிடும்" என்று வீடியோ போடுபவர்கள் பார்வையாளரிடம் என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டால் தேவலை.

முற்றிய நிலையில் வருபவர்கள் ஓடி வந்தவர் போல ஆழமாக, வேகமாக மூச்சு இழுப்பார்கள். பேசினால் இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு. முதுகில் ஸ்டெத் வைத்துப் பார்த்தால் நுரையீரல் சுத்தமாக இருக்கும். உடம்பு அமிலத்தை மூச்சு வழியாக வெளியேற்றப் பார்க்கிறது, அவ்வளவுதான். அந்தக் கட்டம் வரை காத்திருக்காதீர்கள். வாந்தி, வயிற்று வலி, அடித்துப் போட்டது போன்ற அசதி, இவற்றில் ஒன்று வந்தாலே மீட்டர் என்ன காட்டினாலும் அடுத்த வேளை டாபாகிளிஃப்ளோசினைப் போடாமல், அன்றைக்கே, 24 மணி நேரமும் லேப் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், "இதைச் சாப்பிடுகிறேன், சோறே சாப்பிடுவதில்லை, ரத்தத்தில் கீட்டோன் பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சிறுநீர்ப் பட்டையை நம்ப வேண்டாம். உங்கள் உணவில் அது எப்போதும் நிறம் மாறியேதான் இருக்கும். ரத்தத்தில் கீட்டோன் 3-க்கு மேல் போனால் அட்மிஷன்தான். சர்க்கரை நோயாளிக்கு குளுக்கோஸ் டிரிப் ஏற்றுகிறார்களே என்று வீட்டில் சண்டை போடாதீர்கள். இன்சுலினோடு சேர்த்து அதைக் கொடுப்பதுதான் சிகிச்சை.

அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். கம்பெனி வைத்த பெயர் எதுவாக இருந்தாலும் உள்ளிருக்கும் மருந்தின் பெயர் "ஃப்ளோசின்" என்று முடிந்தால் இந்த எச்சரிக்கை உங்களுக்கும்தான். மெட்ஃபார்மினோடு கலந்து ஒரே மாத்திரையாகவும் வருவதால் தெரியாமலே சாப்பிடுபவர்கள் நிறைய. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, விரதம், ஆபரேஷன், குடி, இவை எல்லாமே ஆபத்தைக் கூட்டும்.

சரி, கிட்னி. அப்பாவுக்கு நடந்தது தனக்கும் நடந்துவிடுமோ என்பதுதான் உங்கள் கேள்வி என்று புரிகிறது. ஆரோக்கியமான கிட்னி மூன்று மாதக் கறியில் கெட்டுப்போகாது. சர்க்கரை நோயாளியின் கிட்னியை வருடக்கணக்கில் அரிப்பது கட்டுக்குள் வராத சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான். ஆனால் ஏற்கெனவே புரதம் கசியும் கிட்னிக்கு இவ்வளவு கறி சுமைதான். புரதம் கசிகிறதா என்று தெரிய, சிறுநீரில் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் பாருங்கள். 30-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினை ரத்தத்தில் பார்க்கும் நாளுக்கு முந்தின ராத்திரி மட்டன் வேண்டாம், அதுவே எண்ணைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும்.

நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள், கிட்னியைக் காப்பாற்றும் என்று பெரிய ஆய்வுகளில் நிரூபணமான மருந்துகளில் ஒன்று இதே டாபாகிளிஃப்ளோசின்தான். கிட்னிக்குப் பயந்தால் விட வேண்டியது இந்தப் பிடிவாத உணவைத்தான். இந்த மருந்தும் இந்த உணவும் ஒரே உறையில் இரண்டு கத்தி. இல்லை, கறிதான் என்று நிற்பீர்களானால் உங்கள் டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அறிகுறி வந்த அன்றைக்கு டாபாகிளிஃப்ளோசினைப் போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தவிர, நீங்களாக எதையும் நிறுத்தவோ சேர்க்கவோ கூடாது.

கிளிமிபிரைடு அளவையும் அவரே குறைக்க வேண்டும். சாயங்காலம் கை நடுங்கி வியர்ப்பது தாழ்சர்க்கரைக்கான அறிகுறி. அதற்குப் போய் வெண்ணெயா? வெண்ணெய் சர்க்கரையை ஏற்றாது ஐயா! மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீட்டரில் பாருங்கள்.

உங்கள் சர்க்கரை இறங்கியது நிஜம், எடை குறைந்ததும் நல்லதே. அதில் மாயம் ஒன்றும் இல்லை. இன்சுலின் கண்டுபிடிப்பதற்கு நூறு வருடத்துக்கு மேல் முன்னாலேயே, 1797-ல், ஜான் ரோலோ என்ற ராணுவ மருத்துவர் சர்க்கரை நோய்க்குக் கறிச் சாப்பாட்டைச் சிகிச்சையாக எழுதி வைத்தார். வேறு மருந்தே இல்லாத காலம் அது. உங்களுக்கு அந்த நிலைமை இல்லையே. கறியும் முட்டையும் இருக்கட்டும். பக்கத்தில் கீரை, அவரைக்காய், கொஞ்சம் சுண்டல், ஒரு சின்னக் கப் சோறு வரட்டும். இதிலேயே மூன்று மாத சராசரி 7-க்குக் கீழே நிற்பவர்கள் இருக்கிறார்கள். மலச்சிக்கலும் போய்விடும், வாய் நாற்றமும் போய்விடும்.

எல்டிஎல் 196-ஐ விட்டுவைக்க முடியாது. 40 வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிக்கு ஸ்டேட்டின் என்கிற கொலஸ்ட்ரால் மாத்திரை பேரம் பேசும் விஷயம் இல்லை. உங்கள் டாக்டரைப் பார்த்து மறுபடி ஆரம்பியுங்கள். முடி, எடை வேகமாகக் குறைந்ததால் கொட்டுகிறது, சில மாதத்தில் வளர்ந்துவிடும். அதற்காக, முடிக்கு என்று விற்கும் பயோட்டின் வைட்டமினை வாங்கிச் சாப்பிடாதீர்கள். தைராய்டு மாதிரி சில ரத்தப் பரிசோதனைகளில் அது முடிவையே தப்பாகக் காட்டும்.