சர்பத் லாபம் 340, பதிவுக் கட்டணம் 1,500

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் ‘இளம் தொழில்முனைவோர் போட்டி’ வைக்கிறார்கள். நான்கு பேர் ஓர் அணி. ஒரு நாள் ஸ்டால் போட்டு விற்க வேண்டும், அப்புறம் மேடையில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். இவர்கள் நன்னாரி சர்பத் விற்கப் போகிறார்களாம். நடத்துவது வெளியிலிருந்து வரும் ஒரு தனியார் நிறுவனம். அணிக்கு 1,500 ரூபாய் பதிவுக் கட்டணம். ஜெயித்தால் டெல்லியில் இறுதிச்சுற்று என்கிறார்கள். மகள் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும் என்றார்கள். கிளைக்குப் போனால், “18 வயசு ஆகட்டும், இல்லேன்னா அப்பாவைக் கூட்டிட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார்கள். நான் சம்பளம் வாங்கி வருமான வரி கட்டுகிறவள். இந்த லாபம் என் தலையில் வந்து விடியுமா? மொத்தத்தில், இதனால் பிள்ளைக்குப் பண விவரம் ஏதாவது பிடிபடுமா?
ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: பிடிபடும். ஆனால் அந்தப் பிள்ளைகள் கையில் ஒரு கணக்கு நோட்டு இருந்தால்தான். எனவே முதலில் நோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கட்டணத்துக்கு அதற்குப் பிறகு வருகிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் கோபமும் இருக்கிறது.

50 டம்ளர் சர்பத் என்று வைத்துக்கொள்வோம். நன்னாரி பாட்டில் இரண்டு, 320 ரூபாய். எலுமிச்சம்பழம் 25, ஒன்று ஆறு ரூபாய் வீதம் 150. ஐஸ் 60, சப்ஜா விதை 30, பேப்பர் டம்ளர் 60, தண்ணீர் கேன் 40. மொத்தம் 660 ரூபாய். ஒரு டம்ளரின் அடக்க விலை 13 ரூபாய் 20 காசு. 20 ரூபாய்க்கு விற்றால் டம்ளருக்கு ஆறு ரூபாய் எண்பது காசு லாபம் என்று பிள்ளைகள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். பாதிப் பள்ளிக்கூடங்களில் பாடம் இத்தோடு முடிந்துவிடுகிறது. உண்மையில் இனிமேல்தான் தொடங்க வேண்டும். 50-ம் விற்றால் 1,000 ரூபாய் வரும், லாபம் 340. மழை வந்து 35 மட்டும் போனால் வரவு 700, லாபம் வெறும் 40. முதல் 33 டம்ளர் விற்கும் வரை இவர்கள் ஒரு பைசாகூடச் சம்பாதிக்கவில்லை, போட்ட முதலைத்தான் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த 33 என்ற எண்ணை உங்கள் மகள் தானே கண்டுபிடித்துவிட்டால், போட்டி நடக்கும் முன்பே பாதி படித்துவிட்டாள்.

அப்புறம் விலையைப் பற்றிச் சண்டை வரும். வரட்டும். அணியில் ஒருத்தி 15 ரூபாய்க்குக் கொடுத்தால் கூட்டம் அள்ளும் என்பாள். 15 ரூபாய்க்கு 50-ம் விற்றாலே மிஞ்சுவது 90 ரூபாய்தான், 44 டம்ளர் போனால்தான் முதல் தேறும். விலையைக் குறைத்தால் எத்தனை கூடுதலாக விற்க வேண்டியிருக்கிறது என்பதைப் பெரிய கடைக்காரர்களே பல சமயம் போட்டுப் பார்ப்பதில்லை.

நோட்டில் இந்த வயதுப் பிள்ளைகள் வழக்கமாக வழுக்கும் இடம் கல்லாப் பெட்டி. சில்லறைக்கு என்று நீங்கள் 100 ரூபாயைப் பத்துப் பத்தாகக் கொடுத்திருப்பீர்கள். மாலையில் பெட்டியில் 1,100 இருக்கும். “ஆயிரத்து நூறு ரூபாய் லாபம்!” என்று குதிப்பார்கள். அதில் 100 சில்லறைக்கு வந்தது, 660 உங்களிடம் வாங்கிய முதல். இரண்டையும் முதலில் எடுத்து உங்கள் கையில் திருப்பிக் கொடுத்த பிறகு மிஞ்சுவதைத்தான் எண்ண வேண்டும். “பரவாயில்லை, வைச்சுக்கோ கண்ணு” என்று நீங்கள் சொல்லிவிட்டால் பாடம் அங்கேயே போயிற்று. அதேபோல, மீந்துபோன முக்கால் பாட்டில் நன்னாரியைப் பிள்ளைகள் நஷ்டம் என்று எழுதுவார்கள். அது சரக்கு, கையிருப்பு. உருகிப்போன ஐஸ்தான் நஷ்டம். சித்தப்பா ஒருவரே பத்து டம்ளர் காசு கொடுத்துவிட்டு ஒன்று குடித்தால், பாக்கி ஒன்பதை விற்பனையில் எழுதக்கூடாது, அன்பளிப்பு என்று தனியாக எழுத வேண்டும். கடன் சொல்லிவிட்டுப் போகும் சீனியர் அண்ணன்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். லாபத்தை நான்கு பேரும் எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கச் சொல்லுங்கள். 340 என்றால் தலைக்கு 85, பிரச்சினை இல்லை. ஆனால் ஒருத்தி மட்டும் பழம் பிழிந்து, இன்னொருத்தி படம் மட்டும் எடுத்துக்கொண்டு நின்றிருந்தால் அந்த 85 கசக்கும்.

இனி கட்டணம். மேலே போட்ட கணக்கில் 1,500-ஐச் சேர்த்துப் பாருங்கள். செலவு 2,160. 50 டம்ளரும் விற்று 1,000 வந்தாலும் 1,160 ரூபாய் நஷ்டம். முதலுக்கு மோசம் வராமல் தொழில் செய்யக் கற்றுக்கொடுக்கிறேன் என்று வருகிறவர், பிள்ளைகளை நஷ்டத்தில் இறக்கிவிட்டுத்தான் தொடங்குகிறார்! அவருடைய லாபம் மட்டும் முன்பணமாகவே வந்துவிட்டது. போட்டியில் உண்மையான தொழில்முனைவோர் யார் என்று இப்போது தெரிகிறதல்லவா?

என் முடிவு நேரடியானது. கட்டணம் கேட்கும் போட்டி வேண்டாம். இந்தத் துறையில் நல்லவர்கள் பணம் கொடுப்பார்கள், வாங்க மாட்டார்கள். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2021-ல் ‘பிசினஸ் பிளாஸ்டர்ஸ்’ என்று தொடங்கியபோது, 11, 12-ஆம் வகுப்பு மாணவர்களுக்கு ஆளுக்கு 2,000 ரூபாய் வரை தொழில் முதலாக அரசே கொடுத்தது. நம் ஊரில் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம், பள்ளிக் கல்வித் துறை, யுனிசெப் மூன்றும் சேர்ந்து அரசுப் பள்ளிகளில் புத்தாக்கத் திட்டம் நடத்துகின்றன. ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்றே தேசிய நிதிக் கல்வி மையம் நிதி அறிவுத் தேர்வு வைக்கிறது, அதற்குக் கட்டணம் இல்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கை இதே வகுப்புகளுக்குப் பத்து நாள் ‘புத்தகப் பை இல்லாத நாட்கள்’ வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறது, உள்ளூர்த் தொழிலாளிகளோடு பழக. தாளில் எல்லாம் இருக்கிறது. நடைமுறையில் அந்த நாட்கள் எங்கே போகின்றன என்று தெரியவில்லை. பள்ளி விட்ட இடைவெளியில் புரோக்கர் நுழைகிறார்.

டெல்லி இறுதிச்சுற்று என்றதும் எனக்குக் காது கூர்மையாகிவிடும். வழக்கமாக நடப்பது இது: பள்ளியில் பங்கெடுத்த அணிகளில் பாதிக்கு மேல் ‘தேர்வு’ ஆகும். மின்னஞ்சலில் வாழ்த்து வரும், கீழே பயணப் பொதி என்று ஒரு தொகை இருக்கும். நாளைக்குள் கட்ட வேண்டும் என்பார்கள். பிள்ளை வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டிருப்பாள், நீங்கள் மறுக்க முடியாது. அந்த நெருக்கடியைத்தான் அவர்கள் விற்கிறார்கள். அதனால் இப்போதே மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள்: மொத்தம் எத்தனை பள்ளிகள், ஒரு பள்ளியிலிருந்து எத்தனை அணி மேலே போகும், போகும் அணிக்கு யார் செலவு. பதில் வாய்வார்த்தையாகவே வந்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொருவரும் வருவார். ‘பெற்றோருக்கான பண விழிப்புணர்வுக் கூட்டம்’ என்று ஒரு சனிக்கிழமை வைப்பார்கள். முதல் 20 நிமிடம் சேமிப்பின் அருமை, அப்புறம் பிள்ளையின் மேல்படிப்புக்கு இன்சூரன்ஸ் பாலிசி. ஸ்டாலில் ‘கருத்துப் படிவம்’ என்று உங்கள் கைப்பேசி எண்ணை வாங்குவதே இதற்காகத்தான். எண்ணைக் கொடுக்காதீர்கள். பிள்ளையின் ஆதார் நகலைப் போட்டிப் பதிவுக்காகக் கேட்டால் அதையும் கொடுக்காதீர்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் விவரங்களைப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதத்தோடுதான் கையாள வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சர்பத் விற்க ஆதார் எதற்கு?

ஒப்பந்தம் ஏதாவது நீட்டினால் கவனம். 18 வயது ஆகாதவர் போடும் ஒப்பந்தம் நம் நாட்டில் செல்லாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், அதன்மேல் 1903-ல் பிரிவி கவுன்சில் (அன்று நமக்கு லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றம்) கொடுத்த தீர்ப்பு. மகள் கையெழுத்து செல்லாது என்பது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் கீழே பொடி எழுத்தில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டுக்கு மேலே உள்ளதை முழுக்கப் படிக்காமல் பேனாவைத் திறக்க வேண்டாம்.

வங்கிக் கணக்கு: ஒரு நாள் ஸ்டாலுக்கு அது தேவையே இல்லை. உங்கள் கைப்பேசியின் கியூஆர் அட்டையை வைத்துவிட்டு, அதில் வந்ததை நோட்டில் தனி வரிசையில் எழுதினால் போதும். ஆனால் கணக்கு வைத்துக்கொள்வது நல்ல பழக்கம், அதனால் சொல்கிறேன். கிளையில் உங்களுக்குச் சொன்ன இரண்டுமே தவறு. பத்து வயது முடிந்த பிள்ளை தானே கையெழுத்திட்டுச் சேமிப்புக் கணக்கை நடத்த ரிசர்வ் வங்கி 2014-லேயே வழி விட்டது. 2025 ஏப்ரலில் விதிகளைத் தொகுத்துத் திரும்பவும் சொன்னது. எவ்வளவு பணம், என்ன வசதி என்ற வரம்பை வங்கி வைத்துக்கொள்ளலாம். பத்து வயதுக்குக் கீழ் என்றாலும் தாயே காப்பாளராக இருந்து கணக்குத் தொடங்கலாம், அப்பாவைத் தேடிப் போக வேண்டியதில்லை. நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சிறுவர் கணக்கு என்றாலே “சிஸ்டம் டவுன், மத்தியானம் வாங்க” என்று சொல்லும் பழக்கம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். இருப்பு சின்னது, வேலை அதே அளவு. இன்சூரன்ஸ் விற்க இலக்கு வைக்கிறார்கள், பிள்ளைகள் கணக்குக்கு யார் வைக்கிறார்கள்?

ஸ்டேட் வங்கியில் ‘பெஹ்லி உடான்’ என்று பெயர் சொல்லியே கேளுங்கள், பத்து வயதுக்கு மேல் தானே கையெழுத்துப் போடத் தெரிந்த பிள்ளைகளுக்கானது. அங்கேயும் அலைக்கழித்தால் தபால் நிலையம். பத்து வயதுக்கு மேல் சொந்தப் பெயரில் 500 ரூபாயில் தொடங்கலாம். போகும் முன் மகளின் ஆதாரில் ஐந்து வயதுக்குப் பிறகான கைரேகைப் பதிவு ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், பாதிப் பேர் திரும்பி வருவது அதனால்தான். கணக்கு கிடைத்ததும் ஒரே ஒரு கண்டிப்பு: வேறு யாருடைய பணமும் அதில் வந்து போகக் கூடாது. “போட்டிப் பரிசுப் பணத்தை உன் கணக்கில் போட்டு மற்றவங்களுக்கு அனுப்பு” என்று யார் சொன்னாலும், அது மோசடிப் பணமாக இருக்கலாம். கணக்கு முடங்கும், போலீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்.

வரி. 340 ரூபாய்க்கு யாரும் வரப்போவதில்லை. ஆனாலும் கேட்டுவிட்டீர்கள், இதில் ஆடிட்டர்களே குழம்புகிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். 18 வயது ஆகாத பிள்ளையின் வருமானம், பெற்றோரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவருடையதோடு சேரும் என்பது பொது விதி. இதற்கு விலக்கு: பிள்ளை தன் உடல் உழைப்பாலோ, தன் திறமை, அறிவு, அனுபவத்தைப் பயன்படுத்தியோ சம்பாதித்தது சேராது. பழம் பிழிந்தது, கலக்கியது, விற்றது எல்லாம் உங்கள் மகளும் தோழிகளும் என்றால் அந்த 85 ரூபாய் அவளுடைய வருமானம். அவள் பெயரில் தனியாகத்தான் பார்க்க வேண்டும், அந்தத் தொகைக்கு வரியும் கிடையாது. இப்போது அந்த 85-ஐ அவள் கணக்கில் போட்டாள், வட்டி வந்தது. வட்டிக்கு அவள் உழைக்கவில்லை, பணம் உழைத்தது. ஆகவே வட்டி, பெற்றோர் உங்கள் இருவரில் வருமானம் அதிகம் உள்ளவரோடு சேரும்! உழைப்பு அவளுடையது, அதன் குட்டி உங்களுடையது. பழைய வரி முறையில் இருந்தால் இப்படிச் சேருவதில் பிள்ளைக்கு ஆண்டுக்கு 1,500 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். புதிய முறையில் அதுவும் இல்லை.

இதை இழுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சர்பத் நன்றாகப் போகிறது என்று, கோடை விடுமுறையில் நீங்களே தினமும் 200 டம்ளர் கலக்கி மகள் பெயரில் விற்றால் அந்த விலக்கு பொருந்தாது. உழைத்தது நீங்கள், வருமானமும் உங்களுடையதுதான். “பிள்ளை பேரில் காட்டிடலாம் மேடம்” என்று யோசனை சொல்லும் ஆளுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பதிவுக்குக் கடைசி நாள் வரும் முன் மற்ற மூன்று பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு தலைமையாசிரியரைப் பாருங்கள். நிறுவனம் இல்லாமல் பள்ளியே நடத்தட்டும், ஒரு மேசை, ஒரு பிற்பகல் போதும். நடுவராகக் கோட்டு போட்ட ஆள் வேண்டாம். பள்ளிக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள், நோட்டைப் புரட்டி எங்கே காசு ஒழுகியது என்று அவர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். மதிப்பெண்ணில் பாதி நோட்டுக்கு என்று முன்பே அறிவிக்கச் சொல்லுங்கள், நஷ்டப்பட்ட அணியும் கணக்கு சரியாக வைத்திருந்தால் ஜெயிக்கும்படி. ஐஸ் மட்டும் முதல் நாளே சொல்லிவையுங்கள், குடிநீர் ஐஸ்தானா என்று கேட்டு. மீன் பெட்டிக்குப் போகும் கட்டி வந்துவிடப் போகிறது.