சென்னையில் ஒரு சாதாரணக் குடிமகன் கோர்ட்டில் உட்கார்ந்து நீதிபதிகள் நடந்துகொள்வதைக் கவனித்துப் பதிவு செய்ய முடியுமா?

முடியும். சட்டப்படி யாரிடமும் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டியதில்லை. குற்ற வழக்கு நடக்கும் இடம் திறந்த நீதிமன்றம், இடம் கொள்ளும் வரை பொதுமக்கள் வரலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 327-ஆவது பிரிவு சொன்னது. 2024 ஜூலையிலிருந்து அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 366-ஆவது பிரிவில் இருக்கிறது. பாலியல் வன்கொடுமை, போக்சோ போன்ற சில விசாரணைகள் மூடிய அறையில் நடக்கும். அங்கே போகவே கூடாது. வேறு வழக்கிலும் நீதிபதி வெளியே இருக்கச் சொன்னால் எழுந்துவிட வேண்டும்.

அமெரிக்காவில் இதற்கென்றே அமைப்புகள் உண்டு. மினியாபொலிஸில் 1992-ல் தொடங்கிய 'வாட்ச்' அமைப்பின் தன்னார்வலர்கள், தாங்கள் வந்திருப்பது எல்லோருக்கும் தெரியட்டும் என்று சிவப்பு கிளிப்போர்டுடன் உட்காருவார்கள். நம் ஊரில் அடையாளம் எதுவும் கிடையாது. பின் பெஞ்சில் உட்காரும் பொதுஜனம்தான் நாம்.

பணி ஓய்வுக்குப் பிறகு இரண்டு தோழிகளோடு நான் இதைச் செய்துவருகிறேன். கோர்ட் என்றதும் பாரிமுனையின் சிவப்புக் கட்டடம்தான் நினைவுக்கு வரும். ஆனால் உயர் நீதிமன்றத்தில் வாதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில், சட்ட நுணுக்கத்தைச் சுற்றியே போகும். புதிதாக வருகிறவர்களை நான் எழும்பூர் அல்லது சைதாப்பேட்டை மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குத்தான் போகச் சொல்வேன். காலையில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள், வாய்தா, வாய்தா என்று வழக்குக் கட்டுகள் நகரும். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டியது ரிமாண்ட், அதாவது கைதானவரைக் காவலில் வைப்பதா என்று மாஜிஸ்திரேட் முடிவு செய்யும் கட்டம்.

கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அந்தச் சில நிமிடங்களில்தான் ஒருவர் வீட்டுக்குப் போவாரா ஜெயிலுக்குப் போவாரா என்பது முடிவாகிறது. போலீஸ் மேல் புகார் உண்டா என்று கைதானவரிடம் மாஜிஸ்திரேட் கேட்க வேண்டும் என்று ஷீலா பார்சே வழக்கில் 1983-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது தேவைதானா என்று பார்க்காமல் காவலில் வைக்கக் கூடாது என்றது 2014-ன் அர்னேஷ் குமார் தீர்ப்பு. நடைமுறையில் என்ன நடக்கிறது? ஒரு கோர்ட்டில், அந்த மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அடிச்சாங்களாப்பா? சட்டையைக் கொஞ்சம் தூக்கு" என்று கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு கோர்ட்டில் தலை நிமிராமலே கையெழுத்து விழுந்தது. 2020-ல் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் அடிபட்ட தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் ரிமாண்ட் ஆகி, கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போன சில நாட்களில் இறந்தார்கள். அவர்களை ரிமாண்ட் செய்த விதம் பற்றி எழுந்த கேள்விகளைத் தமிழ்நாடே கேட்டது. அதற்குப் பிறகும் பின் பெஞ்ச் காலியாகக் கிடப்பது எனக்குத் தாங்கவில்லை.

கருத்தை எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். நீதிபதி எத்தனை மணிக்கு உட்கார்ந்தார், கைதானவரை நிமிர்ந்து பார்த்தாரா, வக்கீல் இருக்கிறாரா என்று கேட்டாரா, காரணத்தைப் புரிகிற தமிழில் சொன்னாரா. 'கடுமையான நீதிபதி' என்று எழுதி வைப்பதால் யாருக்கும் பயனில்லை. ஒரே நாள் குறிப்பை வைத்து எந்த நீதிபதியையும் எடை போடவும் கூடாது. அவர் முன்னால் குவிந்திருக்கும் கட்டுகளையும் சேர்த்தே பாருங்கள்.

செல்போனை அணைத்துவிடுங்கள், படமோ ஒலிப்பதிவோ வேண்டவே வேண்டாம். எழுதி வெளியிடுவதாக இருந்தால், நடந்ததை நேர்மையாகவும் சரியாகவும் எழுதினால் அது அவமதிப்பு ஆகாது என்கிறது 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டம். தீர்ப்பை விமர்சிப்பதற்கு வழக்கு முழுதாக முடியும் வரை காத்திருக்க வேண்டும். கைதானவர் பெயரை நாங்கள் எழுதுவதே இல்லை, அவருக்குத்தான் அது பாதிப்பு.

சிலருக்கு வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க மனம் வராது. அவர்கள், இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேர விண்ணப்பிக்கலாம், அலுவலகம் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. வராந்தாவில் அழுதுகொண்டு நிற்கும் அம்மாக்கள் பலருக்கு இது தெரிவதில்லை. நாங்கள் போகும் நாட்களில் அவர்களிடம் இதைச் சொல்லி, ஆணைக்குழுவுக்கு வழி காட்டிவிட்டு வருகிறோம்.