எங்கள் ஒழுங்கை வடிகான் பிரச்சினையை எம்பி மூலம் பாராளுமன்றத்தில் கேட்டால் அமைச்சர் பதில் சொல்வாரா?

சொல்வார். ஆனால் கேள்வி தவறான இடத்துக்குப் போனால், "இது மாநகர சபையின் பொறுப்பு" என்ற ஒரு வரியோடு விசயம் முடிந்துவிடும். பெரும்பாலான உள்ளூர்க் கேள்விகள் கவிழ்வது இங்கேதான்.

முதலில் வீதி யாருடையது என்று பாருங்கள். இலங்கையில் ஏ, பி வகை வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி வகை மாகாணத்துக்கு. வெள்ளவத்தையில் காலி வீதி ஏ2, அதனால் அமைச்சரிடமே கேட்கலாம். அதிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையின் வடிகானுக்கு கொழும்பு மாநகர சபைதான் பதில் சொல்ல வேண்டும்.

எம்பியிடம் கொடுக்கும் கடிதத்தில் வீதிப் பெயர், முன்பு முறையிட்ட திகதி, கிடைத்த பதிலின் பிரதி மூன்றும் இருக்கட்டும். "எப்போது சரிசெய்வீர்கள்?" என்று மட்டும் கேட்டால் "விரைவில்" என்பார்கள். "இவ்வேலைக்கு இவ்வாண்டு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு?" என்று கேட்டால் இலக்கம் சொல்லியே ஆகவேண்டும். வாய்மூல வினாவுக்கு அமைச்சர் அவகாசம் கேட்பதும், நீண்ட விடையை வாசிக்காமல் எழுத்தில் சபாபீடத்தில் வைத்துவிடுவதும் வழமை. பின்னர் பாராளுமன்ற உரைகளின் அச்சுப் பதிவான ஹன்சாட்டில் தேடி எடுங்கள். உறுப்பினர் பேசிய மொழியிலேயே அச்சாகியிருக்கும், சிங்களம் என்றால் வாசிக்க ஆள் வேண்டும்.

கூடவே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாநகர சபைக்கும் விண்ணப்பம் போடுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். அந்தப் பதில் கையில் இருந்தால் எம்பியின் கேள்வி தானாகவே கூராகும்.